பிள்ளைக்குத் தெரிந்ததும் பிள்ளை சாப்பிடுவதும்: வீடு எங்கே குறுக்கே வருகிறது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் (கோணேசபுரி) சித்த மருத்துவம் படிக்கும் ஒரு தங்கச்சி தன்னுடைய ஆய்வுக்காக இப்படிக் கேட்டிருந்தார்: "பாடசாலைப் பிள்ளைகளின் போசாக்கு அறிவுக்கும் சாப்பாட்டுப் பழக்கத்துக்கும் குடும்பப் பின்னணி எவ்வளவு காரணம்? படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அறிவும் கூட, பழக்கமும் நல்லது என்று எடுத்துக்கொண்டு தொடங்கலாமா?" நான் மனைப் பொருளியலும் சுகாதாரமும் படிப்பிக்கிற ஆள். திருகோணமலை நகரத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் படிப்பித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, அப்படி எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். தாய் தகப்பன் படித்தவர்களாக இருந்தால் பிள்ளை கேள்வித்தாளில் கூடப் புள்ளி எடுக்கும், அது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது வேறு கதை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார், காசு யார் கையில், யார் சமைக்கிறார், சமைத்ததை அவரும் கூட இருந்து சாப்பிடுகிறாரா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது, நான் பார்த்தவரை. இவற்றைக் கேட்காமல் 'தாயின் கல்வித் தரம்', 'மாத வருமானம்' என்று இரண்டு பெட்டியை மட்டும் போட்டு அடையாளமிடச் சொன்னால் முடிவு ஒன்று வரும்தான், அதை வைத்து ஒரு வீட்டுக்கும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில் அறிவை எடுப்போம். ஆரம்ப வகுப்பில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், 6ஆம் தரத்திலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும், சாதாரண தரத்தில் விரும்பினால் மனைப் பொருளியல் என்று எங்கள் பிள்ளைகளுக்குப் போசாக்குப் பாடத்துக்குக் குறைவில்லை. 8ஆம் தரத்தில் போய் இரும்புச்சத்து எதில் இருக்கிறது என்று கேளுங்கள், வகுப்பே ஒரே குரலில் "ஈரல், கீரை, முட்டை மஞ்சட்கரு" என்று சொல்லும். மீனவர் வீட்டுப் பிள்ளையும் சொல்லும், வங்கி முகாமையாளரின் பிள்ளையும் சொல்லும். அதே மூச்சில், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பானும் பருப்பும், பானும் சம்பலும், ரொட்டி, நூடில்ஸ், கூடவே ஒரு கப் தேத்தண்ணி. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுக்கும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகளும் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதுகிறார்கள். ஆனால் இரவில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது பிள்ளை இல்லையே.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அம்மம்மாமார் முருங்கையிலையையோ பொன்னாங்காணியையோ சுண்டினால் இறக்கும்போது தேசிக்காய்ப் புளி விடுவார்கள். ஏன் என்று கேட்டால் "அப்பதானே ருசி" என்பார்கள். விற்றமின் சி இருந்தால் தாவர உணவிலுள்ள இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்று அதே வீட்டுப் பேரப்பிள்ளை கொப்பியில் எழுதி வைத்திருக்கும். அம்மம்மாவுக்கு விற்றமின் சி தெரியாது, பேத்திக்கு அந்தச் சுண்டல் எப்படிச் செய்வது என்று தெரியாது, இரண்டு பேரும் ஒரே குசினிக்குள் நின்றும் இந்த இரண்டு அறிவும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. உங்கள் ஆய்வு போசாக்கு அறிவு என்று எதை அளக்கப் போகிறது? கொப்பியில் இருப்பதை மட்டும் அளந்தால் படித்த வீட்டுப் பிள்ளைதான் வெல்லும், ஏனென்றால் காபோவைதரேற்று, கனியுப்பு என்ற சொற்கள் அந்த வீட்டில்தான் காதில் விழும். திருகோணமலை நகரத்து மீனவர் பகுதியான திருக்கடலூரில் ஒரு 10 வயதுப் பிள்ளையிடம் எந்த மீனை முள்ளோடு சாப்பிடலாம், எது நேற்றைய மீன், செவுளைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால் அது உங்களுக்கும் எனக்கும் பாடம் எடுக்கும். நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு சாப்பிட்டால் கல்சியம் கிடைக்கும் என்ற வசனத்தை அது சொல்லாது, ஆனால் அதைத்தான் சாப்பிட்டு வளர்கிறது.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். காலை 7.30க்குப் பாடசாலை தொடங்குவதால் தூரத்துப் பிள்ளைகளுக்கு வான் 6.30க்கே வந்துவிடும், வெறும் தேத்தண்ணியோடும் இரண்டு பிஸ்கட்டோடும் வெளிக்கிடுகிற பிள்ளைகள்தான் கூட. ஆகவே இடைவேளையில் திறக்கிற பெட்டிதான் அவர்களுடைய காலைச் சாப்பாடு. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் வகுப்பில் நின்று பார்த்தால் நூறு கேள்விக்கொத்து சொல்லாததைச் சொல்லும். ஒரு பிள்ளை பெட்டியின் மூடியை முழுதாகத் திறக்காது, ஒரு பக்கம் மட்டும் தூக்கி, மூடிக்குப் பின்னால் கையை விட்டுச் சாப்பிடும். உள்ளே என்ன? அரிசி மாப் புட்டு, சூடைப் பொரியல், கொஞ்சம் முருங்கையிலை. என் கணக்கில் அந்த வகுப்பிலேயே நல்ல சாப்பாடு அதுதான். பக்கத்தில் இருக்கிற பிள்ளை கடையில் வாங்கிய ரோல்ஸை, இல்லாவிட்டால் சொசேஜஸ் போட்ட நூடில்ஸை எல்லாருக்கும் தெரிய நடு மேசையில் வைத்துச் சாப்பிடும். மீன் மணக்குது என்று யாரோ ஒருவர் மூக்கைப் பொத்தினால் போதும், அடுத்த நாள் அந்தப் பிள்ளை வீட்டில் போய் "எனக்கு நூடில்ஸ் கட்டித் தாங்கோ" என்று நிற்கும். தாயும் பாவம், பிள்ளை வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாதென்று கட்டிக் கொடுப்பார். பெட்டியில் இருந்த மீனும் கீரையும் போய், மாவும் உப்பும் எண்ணெயும் வந்துவிடும், அதுவும் கூடுதல் காசு கொடுத்து.

இது வறுமையால் வருவதும் இல்லை, அறியாமையால் வருவதும் இல்லை. எந்தச் சாப்பாடு எந்த ஆட்களுடையது என்று பிள்ளைகள் சின்ன வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள். குரக்கன், சின்னமீன், முருங்கையிலை, கஞ்சி எல்லாம் இல்லாதவர் சாப்பாடு. பொதியில் வருவது உள்ளவர் சாப்பாடு. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது பெரியவர்கள்தான், விருந்தாளி வந்தால் எதை ஒளித்து எதை மேசையில் வைக்கிறோம் என்று அது பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது.

கோதுமை மாவின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் ஊர்க் கதையும்தான். சீனன்குடாவில் பிறிமா மா ஆலை 1980இலிருந்து ஓடுகிறது, உலகத்தின் பெரிய மா ஆலைகளில் ஒன்று. ஆனால் எங்கள் வீடுகளுக்குள் மா இவ்வளவு ஆழமாக நுழைந்ததற்கு ஆலை பக்கத்தில் இருப்பது மட்டும் காரணம் இல்லை. 2006இல் யுத்தத்தால் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களில் முகாம்களில் வருடக் கணக்கில் இருந்தன, பலர் 2015க்குப் பிறகுதான் திரும்பினார்கள். நிவாரணமாக வந்தது மா, அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி. தோட்டம் இல்லை, மாடு இல்லை, கடல் இல்லை. அந்த முகாமில் சிறுமியாக இருந்தவர் இன்றைக்குத் தாயாக இருக்கிறார். ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் அவருக்கு வீட்டுச் சாப்பாடு, கஞ்சியும் கீரையும் அவருடைய அம்மம்மாவின் சாப்பாடு. உங்கள் படிவத்தில் இவர் 'சாதாரண தரம் வரை படித்தவர், வருமானம் குறைவு' என்று மட்டும் வந்து நிற்பார். குடும்பப் பின்னணி என்று நீங்கள் கேட்பதில் இதுவும் சேரும்.

சரி, காசு. காசு முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியதற்குக் கிட்டத்தட்ட 195 ரூபாய். அந்த நேரம் வீடுகளில் எது முதலில் கழன்றது என்று பார்த்தேன்: பால்மா, பிறகு முட்டை, பிறகு பழம், பிறகு பெரிய மீன். சோறு கடைசிவரை கழலவில்லை. கறி குறையக் குறையச் சோறு கூடியது, பிள்ளையின் வயிறு நிரம்பியது, புரதம்தான் போனது. இந்த இழப்பைப் பிள்ளைகள் பாடசாலைக்கு வருமுன்னரே சுமந்துகொண்டு வருகிறார்கள் என்பதும் உண்மை. 2016இல் எடுத்த தேசிய அளவீட்டில், நெருக்கடிக்கு எவ்வளவோ முன்னரே, இலங்கையில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். தாயின் கல்வி கூடக் கூட அந்த எண் குறைவதும் அதே அளவீட்டில் தெரிகிறது. ஆகவே உங்கள் எடுகோள் சின்னப் பிள்ளைகளின் உயரம், நிறை விசயத்தில் பிழை இல்லை. பிள்ளை கையில் காசோடு கடைக்குப் போகத் தொடங்கும் வயதில்தான் அது வழுக்குகிறது.

அந்த வழுக்கலைப் பார்க்க வேண்டுமென்றால் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெளிநாட்டுக் காசு வருகிற வீடுகளைப் பாருங்கள். உம்மா குவைத்தில், பிள்ளை உம்மம்மாவோடு. மாதாமாதம் காசு வரும், வீட்டில் குறை இல்லை. ஆனால் உம்மம்மாவுக்கு மூட்டு வலி, அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடியாது. பகலுக்கு ஒரு ஆணம், இரவுக்குக் கடையில் கொத்து. பிள்ளை அழுதால் கையில் நூறு ரூபாய். உம்மம்மா அன்பில்லாதவர் என்று அர்த்தமில்லை, உம்மாவின் இடத்தைக் காசால் நிரப்பச் சொல்லித்தான் தொலைபேசியில் உம்மாவே அழுகிறார். இதே கதைதான் நகரத்தில் தாய் தாதியாகவும் தகப்பன் கொழும்பிலும் இருக்கிற வீட்டிலும். இரண்டு பேரும் படித்தவர்கள், இரவுக் கடமை முடிந்து தாய் வந்து படுக்கும்போது பிள்ளை நூடில்ஸ் கிண்டிச் சாப்பிட்டுவிட்டு டியூசனுக்குப் போயிருக்கும். 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம் என்றால் கேட்கவே வேண்டாம், பகல் சாப்பாடு வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு பணிஸ். வருமானமும் படிப்பும் எதிர்ப்பக்கம் நிற்கிற இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் தட்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாறாக, கூலிக்குப் போகிற தாய், கூடவே ஒரு பெரியம்மாவோ மாமியோ வீட்டில், வளவில் நாலு முருங்கை, ஒரு பப்பாசி என்றிருக்கிற வீட்டுப் பிள்ளை பல நாள் இவர்களை விட நன்றாகச் சாப்பிடும்.

அப்புறம் தாய் தகப்பனின் வாய். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதைவிட என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். இது பிறக்குமுன்னரே தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் கூட இருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் அல்லது பாலூட்டும் காலத்தில் கரட் சாறு குடித்து வந்த தாய்மாரின் குழந்தைகள், கரட் சுவை கலந்த உணவை முதன்முதலாகக் கொடுத்தபோது மற்றக் குழந்தைகளை விட முகம் சுளிக்காமல் எடுத்தார்கள். பாகற்காயும் வல்லாரையும் சாப்பிடாத தாய் பிள்ளைக்கு அதை ஊட்டும்போது பிள்ளை ஏன் துப்புகிறது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி பொறுமை. புதிய மரக்கறி ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவை வரை வைத்துப் பார்க்க வேண்டி வரலாம், எங்கள் வீடுகளில் மூன்றாம் தடவையே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதி, வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அதைச் சொல்லி, பிள்ளையும் அதைத் தன் குணமாகவே எடுத்துக்கொள்ளும்.

படித்த வீடுகளின் வருத்தம் வேறு, கட்டுப்பாடு. வீட்டில் இனிப்பே கிடையாது, சொக்லேட் மேல் தட்டில். 1999இல் ஜெனிபர் ஃபிஷரும் லியான் பேர்ச்சும் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம், ஒரு தின்பண்டத்தைக் கண்ணுக்குத் தெரிய வைத்துவிட்டுத் தொடவிடாமல் தடுத்துப் பார்த்தார்கள். தடுத்த பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் நாட்டம் கூடியது. இங்கே நீங்கள் ஆய்வு எதுவும் செய்யத் தேவையில்லை, ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டும்போது எந்தப் பிள்ளை மூன்றாவது துண்டுக்கு நிற்கிறது என்று பாருங்கள், அநேகமாக வீட்டில் மிகவும் கண்டிப்பான தாயின் பிள்ளையாக இருக்கும்.

குளிர்பானப் போத்தலில் நிறக் குறி போட்ட கதையும் இப்படித்தான். 2016இல் வந்த விதியின்படி 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழ் பச்சை. என் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். சிவப்புக் குறி உள்ள 250 மில்லிலீற்றர் போத்தலில் குறைந்தது 27 கிராம் சீனி, 5 தேக்கரண்டிக்கு மேல் என்று கணக்கும் செய்து காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை டச்சுக் குடாக் கரையில் குடும்பத்தோடு உட்கார்ந்து அதையே குடிப்பார்கள். ஏனென்றால் வாங்குவது அப்பா, அப்பாவுக்கு நிறக் குறி பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

பெண் பிள்ளைகள் விசயம் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டியது. மீன் துண்டு முதலில் தகப்பனுக்கும் அண்ணாவுக்கும் போய், குழம்பு மட்டும் தங்கச்சிக்கு வருகிற வீடு இன்னும் இருக்கிறது, யாரும் அதை வாய்விட்டு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், சட்டியைக் கழுவுகிற ஆளைக் கேட்டால்தான் தெரியும். பாடசாலையில் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். "வயிற்றைப் பிரட்டும், குடிக்காதே" என்று தாய் சொன்னால் குளிசை வாயிலிருந்து நேராகக் கானுக்குப் போகும். வெறும் வயிற்றில் குடித்தால்தான் அநேகமாகப் பிரட்டும், சாப்பிட்ட பிறகு குடிக்கலாம் என்று ஒரு தடவை தாய்மாரைக் கூப்பிட்டுச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உங்கள் துறைக்கு நெருங்கிய ஒன்றையும் சொல்கிறேன். சாப்பாட்டைச் சூடு, குளிர் என்று பிரிக்கிற கணக்கு எங்கள் ஊரில் மூன்று இனத்து வீடுகளிலும் உண்டு. மழைக் காலத்தில் வாழைப்பழம் சளி, தயிர் சளி, தோடம்பழம் சளி. மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் இவ்வளவு பேர்போனதாக இருந்தும் மார்கழி முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கே அது கிடைக்காது. நான் இதைப் பழிக்கவில்லை, சித்த மருத்துவத்தில் நீங்கள் படிக்கிற உணவுக் குணங்களுக்கும் வீட்டில் நடக்கிற இந்தத் தடைக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் படிப்பித்தவரை சுகாதாரப் பாடப் புத்தகம் இந்த விசயத்தைத் தொடுவதே இல்லை, அதனால் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாடத்திட்டம், சண்டை வந்தால் அம்மம்மாதான் வெல்வார்.

இனி ஆய்வுக்கு. பருவத்தை விட்டுவிடாதீர்கள். ஆடி, ஆவணியில் கடல் அமைதி, கொட்டியாரக் குடாவிலும் குச்சவெளிப் பக்கமும் சின்னமீன் மலிவு. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்று, தோணி கடலுக்குப் போகாத நாட்கள் கூட, மீனவர் வீட்டில் கருவாடும் பருப்பும், சில நாள் சம்பல் மட்டும். ஒரே தடவை, அதுவும் ஆவணியில், தரவு எடுத்தால் உங்கள் முடிவு அரை வருடத்துக்குத்தான் உண்மை. இரண்டாவது, "கீரை அடிக்கடி சாப்பிடுவீர்களா" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள், டீச்சருக்குப் பிடித்த விடையைத்தான் அது சொல்லும். நேற்றுக் காலை எழும்பினதிலிருந்து இரவு படுக்கும்வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், ஒரு பாடசாலை நாளும் ஒரு சனிக்கிழமையும். அதில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் சமைத்தது, யார் வாங்கியது, யாரோடு இருந்து சாப்பிட்டது என்று மூன்று நிரல் போடுங்கள். வெள்ளிக்கிழமை பல சைவ வீடுகளில் மரக்கறி என்பதால், சனிக்கிழமை போய் 'நேற்று' என்று கேட்டால் மீன் வராது, அதையும் கவனியுங்கள்.

தரத்தைத் தெரிவு செய்யும்போதும் ஒரு விசயம். 2024 மார்ச்சிலிருந்து அரச பாடசாலைகளில் 1 முதல் 5ஆம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடசாலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. ஒரே சோறு, ஒரே கறி, எல்லாரும் கூட இருந்து சாப்பிடுவதால் வீட்டில் கீரை தொடாத பிள்ளை அங்கே தொடும், கூட்டாளி சாப்பிடுகிறதே. 6ஆம் தரத்துக்கு வந்ததும் பெரும்பாலான பாடசாலைகளில் அது நின்று, பிள்ளை மறுபடி வீட்டுப் பெட்டிக்கும் கடைக்கும் வந்துவிடும். ஆகவே 5ஆம் தரத்தையும் 7ஆம் தரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வீட்டின் பங்கு எவ்வளவு, பாடசாலையின் பங்கு எவ்வளவு என்று ஓரளவுக்குப் பிரித்தெடுக்கலாம். 7ஆம் தரத்துக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் நடப்பதால் உயரம், நிறைப் பதிவுகளும் இருக்கும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அனுமதியோடு கேட்டுப் பெறலாம். வலயக் கல்விப் பணிமனைகளின் அனுமதிக்கு இப்போதே கடிதம் கொடுத்துவிடுங்கள். திருகோணமலை வலயத்தோடு நிற்காமல் கிண்ணியாவையும் மூதூரையும் சேருங்கள், மூன்றாம் தவணைப் பரீட்சை நெருங்கிவிட்டால் எந்த அதிபரும் உங்களை வகுப்புக்குள் விடமாட்டார்.